முன்னோட்டச் சாளரத்தில் அச்சிடுவதைக் கட்டுப்படுத்துவது எப்படி? எடைச்சீட்டும் சம்பளச் சீட்டும்

பகாவ் நிரலர்:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பகாவ் வட்டாரத்துச் சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனைப் பழக்குலை வாங்கும் நிலையம் ஒன்றின் மென்பொருளை நான் பராமரித்து வருகிறேன். ஊரில் அந்த இடத்தை ரேம்ப் என்றுதான் சொல்வார்கள். லாரி குலைகளோடு எடைமேடையில் ஏறும்போது மொத்த எடையும், கொட்டிவிட்டுத் திரும்பி ஏறும்போது வெற்று எடையும் பதிவாகின்றன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நிகர எடையாகச் சீட்டில் அச்சாகிறது. அந்தச் சீட்டைக் கொடுத்துத்தான் தோட்டக்காரர் கௌண்டரில் பணம் பெறுகிறார்.

மென்பொருள் சி ஷார்ப்பில், டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8 மீது எழுதப்பட்ட வின்ஃபார்ம்ஸ் செயலி. எடைச்சீட்டு ‘பிரிண்ட் டாக்குமென்ட்’ வழியாக அச்சாகிறது. அதன் முன்னோட்டத்துக்கு டாட்நெட்டுடன் வரும் ‘பிரிண்ட் பிரிவியூ டயலாக்’ பயன்படுகிறது. மாதாந்திரக் கணக்கறிக்கையும் தொழிலாளர் சம்பளச் சீட்டும் மைக்ரோசாஃப்டின் அறிக்கை காட்டும் கருவியான ‘ரிப்போர்ட் வியூவரில்’ திறக்கின்றன.

முதலாளி கேட்பது இதுதான்: எடைமேடைக் கிராணி (எழுத்தர்) எந்தச் சீட்டையும் திரையில் பார்க்கலாம், ஆனால் ஒரு சீட்டை ஒருமுறைதான் அச்சிடலாம், மறுபடி வேண்டுமென்றால் மேற்பார்வையாளரின் ஒப்புதல் தேவை. சம்பளச் சீட்டைத் திரையில் பார்க்க வேண்டியவர்கள் அலுவலகத்தில் சிலர் இருந்தாலும், அச்சிடும் உரிமை சம்பளக் கிராணி ஒருவருக்கு மட்டுமே இருக்க வேண்டும்.

முன்னோட்டச் சாளரத்தின் உள்ளே இருக்கும் கருவிப்பட்டையைத் தேடிப் பிடித்து, அதன் முதல் பொத்தானை மறைத்துவிடும் வழி இணையத்தில் பரவலாகக் கிடைக்கிறது. முயன்று பார்த்தேன், இயங்குகிறது. அதை நம்பி நிறுவிவிடலாமா, அல்லது முன்னோட்டச் சாளரத்தை நாமே எழுதிக்கொள்ள வேண்டுமா?

அச்சுக்கோவை:

வணக்கம் ஐயா. நாமே எழுதிக்கொள்வதுதான் நல்லது. அது நீங்கள் அஞ்சும் அளவுக்குப் பெரிய வேலையும் அல்ல.

‘பிரிண்ட் பிரிவியூ டயலாக்’ என்பதில் அச்சுப் பொத்தானை மறைப்பதற்கென்று எந்தப் பண்பும் இல்லை. அதனால்தான் எல்லோரும் அதன் உள்ளே நுழைந்து, இரண்டாவது கட்டுப்பாடு (சாளரத்தின் உறுப்பு) கருவிப்பட்டை, அதில் முதல் உருப்படி அச்சுப் பொத்தான் என்று வரிசை எண்ணை வைத்துப் பிடிக்கிறார்கள். அந்த வரிசை மைக்ரோசாஃப்ட் நமக்குக் கொடுத்த வாக்குறுதி அன்று, அவர்களுடைய உள்வீட்டு ஏற்பாடு மட்டுமே. அதைவிட, அந்த உரையாடல் பெட்டிக்குள் இருக்கும் ‘பிரிண்ட் பிரிவியூ கண்ட்ரோல்’ என்ற கட்டுப்பாட்டை நேரடியாக எடுத்து உங்களுடைய சொந்தப் படிவத்தில் வையுங்கள். அது பக்கங்களைக் காட்டும், அவ்வளவுதான். அதில் கருவிப்பட்டையே கிடையாது. ‘டாக்குமென்ட்’ பண்பில் உங்கள் ஆவணத்தைக் கொடுத்து, பெரிதாக்குவதற்கு ‘ஸூம்’, பக்கம் மாற்றுவதற்கு ‘ஸ்டார்ட் பேஜ்’, ஒரே திரையில் பல பக்கங்களை அடுக்குவதற்கு ‘ரோஸ்’, ‘காலம்ஸ்’ ஆகிய பண்புகளை உங்கள் பொத்தான்களோடு இணைத்தால் முன்னோட்டச் சாளரம் தயார். அச்சிட உரிமை இல்லாதவருக்கு அச்சுப் பொத்தானை உருவாக்கவே வேண்டாம்.

ஆனால் சாளரம் என்பது கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டுமே. உண்மையான தடை ‘பிரிண்ட் டாக்குமென்ட்’ பொருளின் ‘பிகின் பிரிண்ட்’ நிகழ்வில்தான் இருக்க வேண்டும். அந்த நிகழ்வோடு வரும் தகவலில் ‘கேன்சல்’ என்றொரு பண்பு உண்டு; அதை ‘ட்ரூ’ ஆக்கினால், யார் எந்தப் பொத்தான் வழியாக வந்திருந்தாலும் அச்சு நின்றுவிடும். அதே தகவலில் ‘பிரிண்ட் ஆக்‌ஷன்’ என்ற பண்பும் உண்டு. இந்த ஓட்டம் முன்னோட்டத்துக்கா, அச்சுப்பொறிக்கா, கோப்புக்கா என்று அது சொல்லிவிடும். முன்னோட்டமும் அச்சும் ஒரே நிகழ்வு வரிசையில்தான் ஓடுகின்றன என்பதை மறந்துவிட்டால், சீட்டைத் திரையில் திறந்து பார்த்ததையே மென்பொருள் ஓர் அச்சாக எண்ணிக்கொள்ளும். அப்புறம் கிராணிக்கு முதல் சீட்டே கிடைக்காது.

பகாவ் நிரலர்:

மிக்க நன்றி ஐயா. அப்படியானால் அச்சு முடிந்ததை ‘எண்ட் பிரிண்ட்’ நிகழ்வில் எண்ணிக்கொண்டால் போதும் அல்லவா?

அச்சுக்கோவை:

போதாது. ‘பிகின் பிரிண்ட்’ நிகழ்வில் நீங்களே ரத்து செய்தாலும் ‘எண்ட் பிரிண்ட்’ நிகழ்வு எழும். ஆகவே அங்கே ‘கேன்சல்’ பண்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலும், அந்த நிகழ்வு எழுந்தது என்பதற்குப் பொருள், வேலை விண்டோஸின் அச்சு வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது என்பது மட்டுமே. தாள் வெளியே வந்ததா, நடுவில் சிக்கியதா, ரிப்பன் காய்ந்து வெள்ளையாகவே வந்ததா என்பதெல்லாம் டாட்நெட்டுக்குத் தெரியாது.

கிராணியம்மா:

நிரல் எழுதுபவர்கள் பேசும் இடத்தில் ஓர் அலுவலகக் கிராணி குறுக்கிடுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் என்னும் வேலைநாள் பதிவேட்டை எழுதிய காலத்திலிருந்து, பிறகு கணினிக்கு மாறிய பின்னும், இந்தச் சீட்டுகளோடுதான் என் வேலை.

எடைமேடைச் சாவடியில் இன்றும் பெரும்பாலும் புள்ளி அச்சுப்பொறிதான் இருக்கிறது. தொடர்தாளில் மூன்று படி ஒன்றாக அச்சாக வேண்டும்: ஒன்று தோட்டக்காரருக்கு, ஒன்று கௌண்டருக்கு, ஒன்று கோப்புக்கு. மழை பெய்து தாள் ஈரம் ஏறினால் ஓரத் துளைகள் பல்சக்கரத்தில் நழுவும். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அந்த நேரத்தில் பின்னால் லாரிகள் வரிசையில் நிற்கும், ஓட்டுநர் சாவடி சன்னலைத் தட்டிக்கொண்டிருப்பார், மேற்பார்வையாளர் சாப்பிடப் போயிருப்பார். ஒருமுறைதான் அச்சிடலாம் என்று கதவை மூடிவிட்டால் கிராணி என்ன செய்வார்? கையால் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். கணினியில் பதிவாகும் மறு அச்சைவிடக் கையெழுத்துச் சீட்டு முதலாளிக்கு எவ்வளவு ஆபத்தானது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே தடுக்க வேண்டியது மறு அச்சை அன்று. அசலைப் போலவே தோன்றும் மறு அச்சை. இரண்டாவது தாளின் தலையிலேயே பெரிய எழுத்தில், மலாயில் நகல் என்று பொருள்படும் ‘சலினான்’ என்று விழட்டும், அதன் கீழே எத்தனையாவது நகல், எந்த நேரம், யார் அச்சிட்டது என்பது விழட்டும். கெட்டுப்போன தாளில், ரத்து என்று பொருள்படும் ‘பத்தால்’ முத்திரை குத்திக் கோப்பில் வைப்பது எங்களுக்குப் பழக்கமான வேலைதான்.

பகாவ் நிரலர்:

கிராணியம்மா அவர்களே, இது எனக்குத் தோன்றாத கோணம். ஒரு சந்தேகம்: முதல் தாள் சிக்கிக் கிழிந்துவிட்டால், தோட்டக்காரரின் கையில் கிடைப்பது ‘சலினான்’ என்று அச்சான தாள்தானே? அதைக் கௌண்டரில் ஏற்றுக்கொள்வார்களா?

கிராணியம்மா:

கிழிந்த அசலைச் சேர்த்துக் கொண்டுவந்தால் ஏற்றுக்கொள்வார்கள். அதனால்தான் கெட்ட தாளைக் குப்பையில் போடக்கூடாது என்கிறேன். உங்கள் தொடர்தாளில் அச்சகத்திலேயே வரிசை எண் போட்டு வருகிறதா என்று பாருங்கள். வருமென்றால், சீட்டு எண்ணோடு தாளின் எண்ணையும் கணினியில் பதியச் சொல்லுங்கள். கணக்காய்வாளர் வரும்போது முதலில் தேடுவது விடுபட்ட தாள் எண்ணைத்தான்.

தரவுக்காரன்:

இந்த இழையில் இதுவரை பேசாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருமுறை என்று எண்ணுவது யார்? படிவத்தில் உள்ள ஒரு மாறி எண்ணினால், செயலியை மூடித் திறந்ததும் எண்ணிக்கை பூஜ்யமாகிவிடும். அந்தக் கணினியின் கோப்பு ஒன்றில் எழுதி வைத்தால், சாவடியில் ஒருமுறையும் அலுவலகத்தில் ஒருமுறையுமாக இரண்டு அசல்கள் பிறந்துவிடும். எண்ணிக்கை தரவுத்தளத்தில்தான் இருக்க வேண்டும்.

அச்சுப் பதிவுக்கென்று தனி அட்டவணை வையுங்கள். சீட்டு எண், அச்சு வரிசை எண், பயனர், கணினிப் பெயர், அச்சுப்பொறியின் பெயர், நேரம், காரணம், நிலை ஆகியவை அதில் இருக்கட்டும். சீட்டு எண்ணும் வரிசை எண்ணும் சேர்ந்த இணை இரண்டாம் முறை வர முடியாதபடி தனித்தன்மைக் கட்டுப்பாடு போடுங்கள். ‘பிகின் பிரிண்ட்’ நிகழ்வில் செயலி முதலில் தரவுத்தளத்திடம் போய், இந்தச் சீட்டுக்கு அடுத்த வரிசை எண்ணைக் கொடு என்று கேட்க வேண்டும். அந்தப் பயனருக்கு உரிமை உண்டா, ஒப்புதல் தேவையா என்பதைத் தரவுத்தளத்தின் செயல்முறையே பார்த்து, அட்டவணையில் ஒரு வரி பதிந்து, எண்ணைத் திருப்பித் தர வேண்டும். எல்லாம் ஒரே பரிவர்த்தனைக்குள் நடக்க வேண்டும். எண் வந்தால் அச்சு, வராவிட்டால் ‘கேன்சல்’. எண் ஒன்று என்றால் அசல், அதற்கு மேல் என்றால் கிராணியம்மா கேட்ட ‘சலினான்’.

பதிவு முதலில், அச்சு பிறகு என்ற வரிசையை வேண்டுமென்றே சொல்கிறேன். அச்சிட்ட பிறகு பதிவதாக வைத்துக்கொண்டால், தாள் வந்த கணத்தில் வலையமைப்புக் கம்பியைப் பிடுங்குபவருக்குப் பதிவில்லாத அசல் ஒன்று இலவசமாகக் கிடைக்கும். பதிந்துவிட்டு அச்சு தவறினால், நமக்கு மிஞ்சுவது விளக்கம் தேவைப்படும் ஒரு வரி. அது தாங்கக்கூடிய இழப்பு.

செயலி பயன்படுத்தும் தரவுத்தளக் கணக்குக்கு அந்த அட்டவணையைத் திருத்தவோ அழிக்கவோ உரிமை கொடுக்காதீர்கள். செயல்முறையை இயக்கும் உரிமை மட்டும் போதும். இணைப்புச் சரத்தில் கடவுச்சொல்லை வெளிப்படையாக எழுதி, அந்தக் கோப்பைச் சாவடிக் கணினியில் எல்லோரும் திறக்கும்படி வைத்திருப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அப்படி இருந்தால் முன்னோட்டச் சாளரத்தை எவ்வளவு அழகாகத் தைத்தாலும் பயனில்லை.

நேர்படப் பேசு:

மன்னிக்க வேண்டும், எனக்கு இந்த முயற்சியிலேயே நம்பிக்கை இல்லை. திரையில் தெரியும் எதையும் கைப்பேசியில் படம் எடுக்கலாம். படம் எடுப்பதற்குக் கைப்பேசிகூட வேண்டாம். விண்டோஸ் விசையையும் ஷிஃப்ட்டையும் அழுத்திக்கொண்டு எஸ் எழுத்தைத் தட்டினால் முன்னோட்டம் அப்படியே பிடிபட்டுவிடும், அதை எந்த அச்சுப்பொறியிலும் அச்சிடலாம். பார்க்க விடுவேன், அச்சிட விடமாட்டேன் என்பது நடைமுறையில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு ஆசைகள். முன்னோட்டத்தையே எடுத்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

அச்சுக்கோவை:

திரைப்பிடிப்பு பற்றி மட்டும் ஒரு தகவல். ‘செட் விண்டோ டிஸ்ப்ளே அஃபினிட்டி’ என்ற விண்டோஸ் செயற்கூறு உண்டு. உங்கள் செயலி தன்னுடைய சொந்தச் சாளரத்தின்மீது அதை அழைத்தால், விண்டோஸ் 7 முதல் திரைப்பிடிப்பில் அந்தச் சாளரம் கறுப்பாக விழும். விண்டோஸ் 10 இன் 2004 ஆம் பதிப்பு முதல், அந்தச் சாளரமே இல்லாததுபோல் பிடிப்பிலிருந்து முழுவதுமாக விலக்கவும் முடியும். முன்னோட்டச் சாளரம் நாமே எழுதிய படிவமாக இருந்தால் இது ஒரு வரி வேலை. கைப்பேசியை இது தடுக்காது. அதில் நண்பர் சொல்வது சரி.

தரவுக்காரன்:

நேர்படப் பேசு அவர்களுக்கு: கைப்பேசிப் படத்தால் எந்தத் தீங்கு வரும் என்பதைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே முடிச்சில் கட்டுகிறீர்கள். இங்கே இருப்பவை இரண்டு வேறு ஆவணங்கள், இரண்டு வேறு பயங்கள்.

எடைச்சீட்டில் உள்ள தகவல் இரகசியம் அன்று. எத்தனை டன் குலை இறங்கியது என்பது வரிசையில் நிற்கும் அடுத்த லாரிக்காரருக்கும் தெரியும். பயம் என்னவென்றால், ஒரே எடைக்கு இரண்டு தாளைக் கொடுத்து இரண்டுமுறை பணம் வாங்கிவிடுவார்களோ என்பதுதான். அதற்கு முதல் மருந்து அச்சுத் தடையே அன்று. கௌண்டரில் சீட்டு எண்ணைத் தட்டியதும் ‘பணம் கொடுக்கப்பட்டது’ என்று தரவுத்தளம் சொல்ல வேண்டும், அந்த நிலை ஒருமுறைதான் மாற வேண்டும். அப்படி இருந்தால் நூறு நகல் அடித்தாலும் ஒரு சென் கூட அதிகம் போகாது. பகாவ் நிரலர் அவர்களே, உங்கள் கௌண்டர் தாளைப் பார்த்துப் பணம் கொடுக்கிறதா, எண்ணைப் பார்த்தா?

சம்பளச் சீட்டின் கதை வேறு. அதில் தாளுக்கு மதிப்பில்லை, தகவலுக்குத்தான் மதிப்பு: பெயர், 12 இலக்க அடையாள அட்டை எண், அதன் முதல் ஆறு இலக்கங்களில் பிறந்த தேதி, சேமநிதிப் பிடித்தம், சொக்சோ (சமூகப் பாதுகாப்புக் காப்பீடு) பிடித்தம், முன்பணம். இங்கே கைப்பேசிப் படம் உண்மையான கசிவு. ஆனால் அதற்கு முன்னோட்டத்தையே எடுத்துவிடுவது விடையன்று. பார்க்க வேண்டியவர் தம் வேலைக்குத் தேவையானதை மட்டும் பார்ப்பதுதான் விடை.

பகாவ் நிரலர்:

உண்மையைச் சொன்னால், கௌண்டர் தாளைப் பார்த்துத்தான் கொடுக்கிறது. தொகையை மாலையில் மொத்தமாகக் கணினியில் ஏற்றுகிறார்கள். கௌண்டர் மேசையில் ஒரு கணினி இருக்கிறது, ஆகவே எண்ணைத் தட்டிச் சரிபார்க்கும் திரையைச் சேர்க்க முடியும். முதலாளி கேட்டது அச்சுத் தடையை. அவருக்குத் தேவைப்படுவது இந்தச் சரிபார்ப்பு என்பதை அவரிடம் பக்குவமாகத்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். இரண்டையும் செய்து தருகிறேன் என்றால் மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

அடுத்து ‘ரிப்போர்ட் வியூவர்’ பக்கம் வருவோம். அதையும் நாமே எழுத வேண்டுமா?

குளுவாங் கணினி:

அதை எழுத வேண்டியதில்லை. அதற்கு வேண்டிய பண்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. ‘ஷோ பிரிண்ட் பட்டன்’ என்பதை ‘ஃபால்ஸ்’ ஆக்கினால் அச்சுப் பொத்தான் மறையும். அதோடு ‘ஷோ எக்ஸ்போர்ட் பட்டன்’ என்பதையும் மறக்காமல் மூடுங்கள். அச்சை மூடிவிட்டு ஏற்றுமதியைத் திறந்து வைத்திருக்கும் செயலிகள் ஏராளம். எக்செல், வேர்ட், பிடிஎஃப் என்று மூன்று வழியிலும் அறிக்கை வெளியே போய்விடும், எக்செலில் போனால் தொகையைத் திருத்தி அச்சிடவும் முடியும். வலச் சொடுக்குப் பட்டியலுக்கு ‘ஷோ கான்டெக்ஸ்ட் மெனு’ என்ற பண்பு இருக்கிறது.

பொத்தானை வைத்துக்கொண்டே உரிமையைச் சோதிக்க வேண்டுமென்றால் ‘பிரிண்ட்’ என்ற நிகழ்வும் ‘ரிப்போர்ட் எக்ஸ்போர்ட்’ என்ற நிகழ்வும் உண்டு; இரண்டிலும் ‘கேன்சல்’ செய்யலாம். ஏற்றுமதி நிகழ்வில் எந்த வடிவம் கேட்கப்படுகிறது என்பதும் தெரியும், ஆகவே சம்பளக் கிராணிக்குப் பிடிஎஃப் மட்டும் அனுமதிப்பது போன்ற நுணுக்கமும் கைகூடும்.

வேறு கருவிகள் வைத்திருப்பவர்கள் இந்த இழையைப் பார்க்கக்கூடும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸின் பார்வைக் கட்டுப்பாட்டிலும் அதே பெயரில் அச்சுப் பொத்தானுக்கும் ஏற்றுமதிப் பொத்தானுக்குமான பண்புகள் உண்டு. டெவ்எக்ஸ்பிரஸில் ‘செட் கமாண்ட் விசிபிலிட்டி’ என்ற வழிமுறையால் ஒவ்வொரு கட்டளையாக மறைக்கலாம். டபிள்யூபிஎஃப் ‘டாக்குமென்ட் வியூவர்’ மட்டும் கவனம் கேட்கும்: அதில் கருவிப்பட்டையை மறைத்தாலும் கண்ட்ரோல் விசையோடு பி எழுத்தைத் தட்டினால் அச்சுக் கட்டளை ஓடும். அதன் வழிவந்த வகுப்பு ஒன்றை எழுதி, ‘ஆன் பிரிண்ட் கமாண்ட்’ வழிமுறையை மேலெழுத வேண்டும். மைக்ரோசாஃப்ட் அக்செஸில் இன்னும் கணக்கு நடத்துபவர்கள் ‘ஆட்டோகீஸ்’ மேக்ரோவில் அதே விசைச் சேர்க்கையைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி கோப்பைத் திறந்தால் தொடக்க அமைப்புகள் தாண்டப்பட்டுவிடும் என்பதால், ‘அலவ் பைபாஸ் கீ’ பண்பையும் மூட வேண்டும்.

நேர்படப் பேசு:

தரவுக்காரன் அவர்களின் பிரிப்பை எடைச்சீட்டின் மட்டில் ஏற்கிறேன். சம்பளச் சீட்டின் மட்டில் என் கருத்து மாறவில்லை. பார்க்கத் தேவையில்லாதவருக்கு எதற்கு முன்னோட்டம்?

கிராணியம்மா:

தேவை இருக்கிறது ஐயா. வேலைச் சட்டம் 1955 இன்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். சம்பள விவரத்தையும் தொழிலாளியிடம் கொடுத்தாக வேண்டும். அந்த நாள்களில் அலுவலகம் சந்தைக்கடையாக இருக்கும். இந்த மாதம் இரண்டு நாள் குறைகிறது, மழைநாள் வேலை ஏறவில்லை, தீபாவளி முன்பணம் இரண்டுமுறை பிடித்திருக்கிறது என்று ஒருவர் வந்து நின்றால், களப் பொறுப்பாளர் தம் திரையில் அவருடைய சீட்டைத் திறந்து வேலைநாள் கணக்கை ஒப்பிட வேண்டும். அவருக்கு அடையாள அட்டை எண் தேவையில்லை, சேமநிதித் தொகையும் தேவையில்லை. நாளும் வேலையும் தெரிந்தால் போதும். ஆகவே முன்னோட்டம் இருக்கட்டும். அதில் தெரிவது குறையட்டும்.

இன்னொன்றையும் நிரல் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டும். தடை போடும் உற்சாகத்தில், தொழிலாளி தம் சீட்டின் இன்னொரு படி கேட்டால் மென்பொருள் அனுமதிக்கவில்லை என்று திருப்பி அனுப்பும் நிலையை உண்டாக்கிவிடாதீர்கள். வங்கிக் கடனுக்கும் பிள்ளைகளின் கல்வி உதவிக்கும் பழைய சம்பளச் சீட்டைக் கேட்கிறார்கள். சம்பளப் பதிவேட்டை ஆறு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. தகவலுக்கு உரியவரே கேட்கும்போது கொடுக்கும் வழி எளிதாக இருக்க வேண்டும்.

தரவுக்காரன்:

முழு உடன்பாடு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 உம் இந்த இரண்டையும் ஒன்றாகத்தான் கேட்கிறது: தரவைத் தவறான அணுகலிலிருந்து பாதுகாக்க வேண்டும், உரியவர் தம் தரவைப் பெறவும் வழி இருக்க வேண்டும். நடைமுறையில் இதைச் செய்ய, அறிக்கைக்குத் தரவு தரும் செயல்முறையிலேயே பயனரின் பொறுப்பைப் பார்த்து நெடுவரிசைகளைக் குறையுங்கள். அடையாள அட்டை எண்ணில் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் அனுப்புங்கள். முழு எண்ணையும் அனுப்பிவிட்டு அறிக்கைப் படிவத்தில் மறைப்பது வேண்டாம். ஏற்றுமதி செய்தால் சில சமயம் மறைத்தது எட்டிப் பார்க்கும்.

பகாவ் நிரலர்:

மாதிரிச் சாளரம் ஒன்றை எழுதிப் பார்த்தேன். இரண்டு இடங்களில் நிற்கிறேன். முன்னோட்டத்தில் ‘பார்வைக்கு மட்டும்’ என்று குறுக்காக எழுத விரும்புகிறேன். ஆனால் பக்கத்தை வரையும் ‘பிரிண்ட் பேஜ்’ நிகழ்வில் ‘பிரிண்ட் ஆக்‌ஷன்’ பண்பைக் காணவில்லை. அடுத்து, பார்வைக்கு மட்டும் உள்ள கணினியில் எந்த அச்சுப்பொறியையும் நிறுவாமல் விட்டால் பாதுகாப்பு என்று நினைத்து எல்லாவற்றையும் நீக்கினேன். இப்போது அங்கே முன்னோட்டமே வரவில்லை.

அச்சுக்கோவை:

முதலாவது எளிது. ‘பிகின் பிரிண்ட்’ நிகழ்வில் கிடைக்கும் ‘பிரிண்ட் ஆக்‌ஷன்’ மதிப்பை வகுப்பின் ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, ‘பிரிண்ட் பேஜ்’ நிகழ்வில் அதைப் பாருங்கள். அல்லது அந்தக் கணத்தில் ஆவணத்தின் ‘பிரிண்ட் கண்ட்ரோலர்’ பொருளில் உள்ள ‘இஸ் பிரிவியூ’ பண்பைக் கேளுங்கள். முன்னோட்ட ஓட்டத்தில் அது ‘ட்ரூ’ ஆக இருக்கும்.

இரண்டாவதுதான் பலரைக் குழப்புவது. முன்னோட்டத்தை வரைவதற்கும் டாட்நெட்டுக்கு ஓர் அச்சுப்பொறி வேண்டும். தாளின் அளவு, ஓரம், புள்ளி அடர்த்தி ஆகியவற்றை அதனிடம்தான் கேட்கிறது. ஒன்றுகூட நிறுவப்படாவிட்டால் முன்னோட்டமும் வராது. விண்டோஸ் 10 இலிருந்து உடன் வரும் ‘மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்’ என்பதை விட்டுவைத்தால் முன்னோட்டம் வரும். ஆனால் அதே பொறிதான் ஓட்டை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது கோப்பாக எழுதினாலும், டாட்நெட்டின் பார்வையில் ஓர் அச்சுப்பொறிதான். ஆகவே ‘பிரிண்ட் ஆக்‌ஷன்’ அதைக் கோப்பு என்று காட்டாது. ‘பிகின் பிரிண்ட்’ நிகழ்வில் அச்சுப்பொறியின் பெயரையும் சேர்த்துச் சோதித்து, முன்னோட்டம் அல்லாத எந்த ஓட்டமும் நீங்கள் அனுமதித்த பெயருக்கு மட்டும் போகும்படி செய்யுங்கள். அச்சுப்பொறியைத் தேர்ந்தெடுக்கும் ‘பிரிண்ட் டயலாக்’ பெட்டியைக் காட்டவே வேண்டாம். எடைச்சீட்டு எந்தப் பொறிக்குப் போக வேண்டும் என்பது நிர்வாக அமைப்பில் இருக்க வேண்டிய செய்தி, கிராணி ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டியதன்று.

குளுவாங் கணினி:

செயலிக்கு வெளியே விண்டோஸிலும் ஒரு பூட்டுப் போடலாம். அச்சுப்பொறியின் பாதுகாப்புத் தாவலில் அச்சிடும் உரிமை இயல்பாக எல்லோருக்கும் கொடுக்கப்பட்டிருக்கும். அதை நீக்கி, சம்பளச் சீட்டுப் பொறிக்குச் சம்பளக் கிராணியின் கணக்கை மட்டும் சேர்த்தால், எந்தச் செயலியிலிருந்து யார் முயன்றாலும் அந்தப் பொறி மறுத்துவிடும். ஆனால் சாவடியில் எல்லா ஷிஃப்ட்டுக்கும் ஒரே விண்டோஸ் கணக்கு, கடவுச்சொல் திரையின் ஓரத்தில் ஒட்டிய காகிதத்தில் என்ற நிலை இருந்தால் இது வீண். அங்கே உங்கள் செயலியின் சொந்த உள்நுழைவை நம்புங்கள்; சிறிது நேரம் யாரும் தொடாவிட்டால் தானாக வெளியேறட்டும்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் அச்சுச் சேவைக்கென்று தனிப் பகுதி உண்டு. அதில் ‘ஆபரேஷனல்’ என்ற பதிவு இயல்பாக அணைந்திருக்கும். அதை இயக்கிவிட்டால், அச்சான ஒவ்வொரு ஆவணத்துக்கும் 307 என்ற எண்ணில் ஒரு வரி விழும்: யார், எந்தக் கணினி, எந்தப் பொறி, எத்தனை பக்கம். உங்கள் ‘பிரிண்ட் டாக்குமென்ட்’ பொருளின் ‘டாக்குமென்ட் நேம்’ பண்பில் சீட்டு எண்ணை வைத்தால் அச்சு வரிசையிலும் அந்தப் பெயரே தெரியும். தரவுத்தளப் பதிவையும் இதையும் மாதம் ஒருமுறை ஒப்பிட்டால், செயலியைச் சுற்றிப் போன அச்சு தெரிந்துவிடும்.

பகாவ் நிரலர்:

அனைவருக்கும் நன்றி. கௌண்டரில் எண்ணைச் சரிபார்க்கும் திரை முதலில், அச்சுப் பதிவு அட்டவணை அடுத்தது, அதன்பின் முன்னோட்டப் படிவம் என்ற வரிசையில் வேலையைத் தொடங்குகிறேன். முதலாளியிடம் பேசியாயிற்று. தமக்கு மட்டும் எந்தத் தடையும் இருக்கக்கூடாது என்றார். தடை இருக்காது, பதிவு மட்டும் இருக்கும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

ஒன்று மட்டும் மீதி இருக்கிறது. மேற்பார்வையாளர் இடத்தில் இல்லாதபோது மறு அச்சுக்கு ஒப்புதல் எப்படி வாங்குவது? தொலைபேசியில் கேட்டால் அவர் தம் கடவுச்சொல்லையே சொல்லிவிடுவார் என்பது எனக்கு இப்போதே தெரிகிறது.

தரவுக்காரன்:

நிச்சயம் சொல்லிவிடுவார். அதனால் அவரிடம் கடவுச்சொல் கேட்கும் பெட்டியே சாவடித் திரையில் வரக்கூடாது. கிராணி காரணத்தைத் தேர்ந்தெடுத்து மறு அச்சு கேட்டதும், கோரிக்கை ஒரு வரியாகத் தரவுத்தளத்தில் நிற்கட்டும். மேற்பார்வையாளர் தம் கைப்பேசியில் திறக்கும் எளிய பக்கத்தில் சீட்டு எண், நிகர எடை, காரணம் ஆகியவற்றைப் பார்த்து ஒப்புக்கொண்டால், அந்தச் சீட்டுக்கும் அந்தக் கிராணிக்கும் மட்டும் செல்லுபடியாகும் அனுமதி ஒன்று உருவாகி, ஓர் அச்சோடு அல்லது சில நிமிடங்களில் காலாவதியாகட்டும்.

கிராணியம்மா:

தொலைபேசிக் கோடு கிடைக்காத தோட்டங்களும் இருக்கின்றன, தம்பி. அதற்கும் ஒரு வழி வையுங்கள்: ஒப்புதல் கிடைக்காவிட்டால் ‘சலினான்’ தாள் அச்சாகட்டும், ஆனால் மேற்பார்வையாளர் கணினியில் ஒப்புக்கொள்ளும்வரை கௌண்டர் திரையில் அந்தச் சீட்டு ‘நிறுத்தி வைக்கப்பட்டது’ என்று காட்டட்டும். லாரி நகர்ந்துவிடும், பணம் மட்டும் காத்திருக்கும்.

பகாவ் நிரலர்:

அப்படியே செய்துவிடுகிறேன் அம்மா. அச்சுப் பதிவு அட்டவணையின் நிலைப் பட்டியலில் ‘நிறுத்தி வைக்கப்பட்டது’ என்பதையும் சேர்த்துவிட்டேன்.